நாச்சிமுத்துவின் பேச்சு

நாச்சிமுத்துவுக்குப் பேச்சு திரும்பியபோது அது தமிழாகத் திரும்பவில்லை.

ஈரோட்டு மருத்துவமனையில் ஒரு பக்கம் கை கால் விழுந்து படுத்திருந்தவர், ஒரு நாள் காலையில் கண்ணைத் திறந்து, "மாஜி" என்றார். கட்டிலை ஒட்டி நின்ற அண்ணன் மகன் சரவணக்குமார் ஆவலோடு குனிந்தான்.

"யாருங் சித்தப்பா? எந்த மாஜி? நம்மூர் மாஜி சேர்மனைக் கேக்கறீங்களா?"

நாச்சிமுத்து எரிச்சலோடு மறுபடியும் சொன்னார். மாஜி, மாஜி. அவர் மனைவி நீமா, சரவணக்குமாரை மெல்ல நகர்த்திவிட்டு, அவர் பிடரியில் கை கொடுத்துத் தூக்கி, டம்ளரை உதட்டில் வைத்தாள். அவர் குடித்தார்.

"எங்க பாஷையில தண்ணிக்கு மாஜின்னு பேரு சாமி," என்றாள் அவனிடம். "பேச்சு வந்திருச்சு பாத்தியா!"

அப்போது அவளுக்குச் சந்தோஷம்தான். தான்சானியா நாட்டில் டொடோமா நகரத்து அரசு மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். வாதம் வந்தவர்கள் வாயிலிருந்து எந்தச் சொல் வந்தாலும் அதை விட்டுவிடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று பல குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறாள். சுவாஹிலி முதலில் வந்திருக்கிறது, பின்னாலேயே தமிழும் வந்துவிடும் என்று நினைத்தாள். வரவில்லை. அக்கம்பக்கத்துச் சொந்தங்கள் வந்து, "என்னங் மாமா, எப்படி இருக்கறீங்க?" என்று கேட்டால், யாரோ பக்கத்து அறையில் பேசுவதைக் கேட்பதுபோல் நாச்சிமுத்து முகத்தைச் சுளித்துக்கொண்டு நீமாவைப் பார்த்தார்.

"சில பேருக்கு இப்படி ஆகறது உண்டும்மா," என்றார் டாக்டர். "மூளையில எங்கே அடிபட்டிருக்குங்கறதைப் பொறுத்தது. தாய்மொழி போயிரும், நடுவுல கத்துக்கிட்டது நிக்கும். தமிழ் திரும்பி வரலாம். வராமலும் போகலாம்." பிறகு அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, நீங்க இருக்கறீங்க," என்றார்.

நாச்சிமுத்து தான்சானியாவுக்குப் போனது தொண்ணூறுகளின் கடைசியில். திருச்செங்கோட்டு ரிக் லாரிகள் கப்பலேறி ஆப்பிரிக்காவுக்குப் போகத் தொடங்கிய காலம் அது. டொடோமாவைச் சுற்றிய காய்ந்த காட்டில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டார். ஒரு நாள் இரும்புக் குழாய் நழுவிப் பாதத்தில் விழுந்தது. காயத்துக்கு மருந்து கட்டியவள் நீமா. காயம் ஆறிய பிறகும் அவர் மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்தார். அந்த ஊர்ச் சட்டப்படி பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். பிள்ளை பிறக்கவில்லை. அதைப் பற்றி இருவரும் ஒருகாலம் அழுதார்கள், பிறகு விட்டுவிட்டார்கள்.

நீமா தமிழ் கற்றுக்கொண்டது ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுக்குச் சாப்பிட வந்த ரிக் லாரி ஆட்களிடம். அதனால் அது கொங்குத் தமிழாகவும், கொஞ்சம் முரட்டுத் தமிழாகவும் இருந்தது. திருச்செங்கோட்டுக்குக் குடிவந்த முதல் வாரத்தில், பால் தண்ணீராக இருப்பதைப் பற்றி அவள் பால்காரரிடம் சொன்ன வார்த்தையில் அவர் மொபெட்டைக் கீழே போட்டுவிட்டார். சரவணக்குமாரின் மனைவி மோகனப்பிரியா அவளை வீட்டுக்குள் இழுத்துப்போய், "அத்தை, அதைப் பொம்பளைங்க சொல்லக் கூடாதுங்க. ஆம்பளைங்களும் சொல்லக் கூடாதுங்க," என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்.

ஊருக்கு வரலாம் என்று கேட்டவர் நாச்சிமுத்துதான். காலமெல்லாம் கல் தூசியைச் சுவாசித்த நெஞ்சு அவருக்கு. கம்பெனியும் மூடிவிட்டது, கம்பெனி போனதோடு அங்கே தங்குவதற்கான அனுமதியும் போனது. நீமாவும் அப்போதுதான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள். "எத்தனை வருசம் நான் உன் ஊர்ல இருந்தேன், நீ கொஞ்ச நாள் என் ஊர்ல இரு," என்றார். அவளுக்கும் ஊர் பார்க்கும் ஆசை இருந்தது. சங்ககிரி சாலையில், சரவணக்குமார் வீட்டுக்கு எதிரே, தன் பங்கு நிலத்தில் ஒரு சின்ன வீடு கட்டினார் நாச்சிமுத்து.

இங்கே வாழ்வதற்கு அவள் சிறிது சிறிதாகப் பழகினாள். அவள் ஊர்க் களிக்கு மக்காச்சோள மாவு வேண்டும். மாவு மில் நடத்தும் அத்தாயி, சோளத்தைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "கோழி வளக்கறீங்களா கண்ணு?" என்று கேட்டாள். மனிதர்கள் தின்னத்தான் என்று தெரிந்ததும் மறு வாரம் ஒரு கிண்ணத்தை நீட்டி, "ருசி பாக்கக் குடுங்க," என்றாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் பெண்கள் நீமாவின் தலைமுடியைத் தொட்டுப் பார்ப்பார்கள். "தொட்டுப் பாத்துட்டீங்களா? ஒட்டிக்காதுங்க," என்பாள். அவர்கள் வெட்கத்தோடு சிரித்துவிட்டு, எந்த ஊர், எத்தனை பிள்ளை, என்ன குழம்பு என்று தொடங்குவார்கள். பக்கத்தில் உட்காராமல் எழுந்து போகிறவர்களும் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை டொடோமாவில் இருக்கும் ஓய்வூதிய அலுவலகத்துக்கு வீடியோவில் முகத்தைக் காட்டி, தான் இன்னும் உயிரோடு இருப்பதை நிரூபிப்பாள். கையில் அன்றைய செய்தித்தாளைப் பிடித்திருக்கச் சொல்வார்கள். செய்தித்தாள் தமிழில் இருக்கும். அந்தப் பக்கத்து ஊழியர் தேதியைக் கண்டுபிடிக்கத் திணறுவார்.

மற்றதெல்லாம் நாச்சிமுத்துவின் பெயரில் இருந்தது. வீடு, கரண்டு, கேஸ், பேங்க், அவள் வைத்திருந்த போனின் சிம்கூட அவர் பெயரில்தான். அவள் இந்த நாட்டில் இருப்பதே அவருடைய மனைவி என்பதால்தான். அந்த விசாவை அவ்வப்போது நீட்டிக்க வேண்டும். நாச்சிமுத்து மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் போனில் அதைச் செய்வார். இங்கே பார், அங்கே கை வை என்பார். அவள் அடுப்பிலிருந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டு நிற்பாள்.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு நாள் முழுவதும் நீமா அவர் பக்கத்திலேயே இருந்தாள். அவள் கடைக்குப் போன நேரத்தில்தான் தொல்லை வரும். ஒருமுறை திரும்பி வந்தபோது, மோகனப்பிரியா சோற்றுத் தட்டோடு கட்டிலருகே கண் கலங்கி நின்றாள். நாச்சிமுத்துவின் வேட்டி நனைந்திருந்தது. தரையில் சோறு சிதறிக் கிடந்தது.

"சோ, சோன்னு கேட்டாருங்கத்தை. பசிக்குதாட்டம் இருக்குதுன்னு சோறு போட்டு எடுத்தாந்தேன். தட்டிவுட்டுட்டாருங்க."

"சோன்னா கக்கூசு கண்ணு," என்றாள் நீமா. இருவரும் சேர்ந்து அவரைத் துடைத்து வேட்டி மாற்றினார்கள். நாச்சிமுத்து சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். சொந்த வீட்டில், சொந்த அண்ணன் மருமகளிடம், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் போன அவமானம் அது. அன்றிலிருந்து நீமா கடைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள்.

விசா தேதி முடிந்துபோனது அவர்களுக்கு ஒரு மழைநாளில்தான் தெரிந்தது. கேஸ் சிலிண்டர் பதிவுசெய்ய, வாதம் வந்த நாளிலிருந்து மேசையிலேயே கிடந்த நாச்சிமுத்துவின் போனைச் சரவணக்குமார் சார்ஜ் போட்டுத் திறந்தான். செய்திகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அவன் அவற்றை ஏதோ விளம்பரம் போலத் தள்ளிக்கொண்டே வந்தவன், ஒன்றில் நின்றான்.

"சித்தி, உங்க விசா எப்ப முடியுதுங்க?"

அவளுக்குத் தெரியவில்லை. பீரோவிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து வந்தாள். நாச்சிமுத்து மூச்சுக் குழாயோடு ஈரோட்டில் கிடந்த நாட்களில் தேதி கடந்துபோயிருந்தது. அவள் அப்போது மருத்துவமனை வராந்தாவில் தரையில் படுத்துக் கிடந்தாள்.

சேலத்தில் வெளிநாட்டவர் விசா பார்க்கும் அலுவலகத்துக்கு விசாரணைக்கு வரச் சொன்னார்கள், கணவரையும் அழைத்து வர வேண்டும் என்றார்கள். சரவணக்குமார் கார் ஓட்டினான். அவனிடம் ஒரு ரிக் லாரி இருந்தது. அன்றைக்குச் சேந்தமங்கலம் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை ஒப்புக்கொண்டிருந்தான். வழியெல்லாம் போன் வந்துகொண்டே இருந்தது. எடுத்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான். நாச்சிமுத்துவைச் சக்கர நாற்காலியில் வைத்து அலுவலகப் படியேற்ற, வாசலில் நின்றிருந்த இரண்டு பேர் கை கொடுத்தார்கள்.

அதிகாரி நடுத்தர வயதுப் பெண். கடுமையானவர் இல்லை. மின்விசிறியை நாச்சிமுத்துவின் பக்கம் திருப்பி வைத்தார். காகிதங்களைப் பார்த்தார். கல்யாணப் பத்திரம் டொடோமாவில் கொடுத்தது; இங்கே எங்கும் பதிவு செய்யப்படவில்லை.

"ஐயா, இவங்க உங்களுக்கு யாருன்னு உங்க வாயால சொல்லுங்க. நான் குறிச்சுக்கணும்."

நாச்சிமுத்து நீமாவைப் பார்த்தார். அவள் சுவாஹிலியில் மெதுவாகக் கேட்டாள்: நான் யார் என்று கேட்கிறார்கள். அவர் முகம் தெளிந்தது. நல்ல கையை உயர்த்தி அவளைச் சுட்டினார்.

"ஹுயு நி ம்கே வாங்கு," என்றார்.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். "என்ன வாங்கணுமாம்?"

"ம்கே வாங்கு," என்றார் நாச்சிமுத்து இன்னும் உரக்க. நெற்றி நரம்பு புடைத்தது. "ம்கே வாங்கு! வாங்கு!"

"இவ என் பொண்டாட்டின்னு சொல்றாருங்க," என்றாள் நீமா. சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்கே புரிந்தது.

அதிகாரி சரவணக்குமாரைப் பார்த்தார். அவன், "எனக்கு அந்தப் பாஷை தெரியாதுங்க மேடம். ஆனா இவிய எங்க சித்திதானுங்க. ஊருக்கே தெரியுமுங்க," என்றான்.

"உங்க விஷயத்துக்கு நீங்களே மொழிபெயர்த்தா நான் எப்படிம்மா எடுத்துக்கறது?" என்றார் அதிகாரி வருத்தத்தோடு. "அதை விடுங்க. இவர் நல்லாப் பேசினாலும் தேதி போனது போனதுதான். நீங்க நாட்டை விட்டு வெளிய போகத்தான் அனுமதி வாங்கித் தர முடியும். போயி, உங்க நாட்டுல இருந்து புதுசா விண்ணப்பம் போடுங்க. கணவர் ஒரு வாக்குமூலம் கொடுத்தார்னா வந்துரலாம்."

"அவருக்குத்தான் தமிழ் வரலீங்களே," என்றாள் நீமா.

அதிகாரி யாரிடமோ சொல்லி நாச்சிமுத்துவுக்குத் தண்ணீர் வரவழைத்தார். காருக்குத் திரும்பும்போது நாச்சிமுத்து நிம்மதியாக இருந்தார். கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்ன பிள்ளைபோல் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நீமா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நன்றாகச் சொன்னீர்கள் என்றாள்.

அவரையும் கூட்டிப்போய்விடலாம் என்று ஒரு வாரம் நினைத்தாள். டாக்டரிடம் கேட்டாள். அந்த நெஞ்சோடு அத்தனை நேரம் விமானத்தில் வைக்கவே முடியாது, என்னிடம் அனுமதிச் சான்று கேட்காதீர்கள் என்று அவர் சொல்லிவிட்டார். டொடோமாவில் இருந்த பழைய சிநேகிதி ஒருத்தியிடம் விசாரிக்கச் சொன்னாள். வேலை அனுமதி முடிந்துபோனவர், விருந்தாளியாக வரலாம், கொஞ்ச நாள் இருக்கலாம், பிறகு அவரை அனுப்ப வேண்டும் என்று பதில் வந்தது. அங்கே போனால் அவர் வேற்று நாட்டவர். இங்கே இருந்தால் அவள். இரண்டு பேரும் சேர்ந்து இருக்க உலகத்தில் ஓர் ஊர் இல்லை என்பதை அவள் சமையலறையில் நின்றபடி புரிந்துகொண்டாள். அடுப்பில் களி அடிப்பிடித்துப் போயிற்று.

சரவணக்குமார் வந்து வாசலிலேயே நின்றான்.

"சித்தி, நீங்க போயிட்டு வாங்க. சித்தப்பாவை எங்கூட்டுக்குக் கூட்டிக்கறோம். பகல்ல ஒரு ஆள் போட்டுக்கலாம். சீக்கிரம் விசா வந்துருமுங்க."

"வருமா சாமி?"

அவன் பொய் சொல்லத் தெரியாதவன். செருப்பைப் பார்த்தான். "பாக்கலாமுங்க," என்றான்.

மோகனப்பிரியா ஒரு பொறியியல் கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தாள். சாயங்காலம் வந்து கட்டிலருகே உட்கார்ந்து, போனில் நீமாவின் குரலைப் பதிவுசெய்துகொண்டாள். வலி என்பதற்கு என்ன, குளிர் என்பதற்கு என்ன, திரும்பிப் படுக்க வேண்டும் என்றால் எப்படிக் கேட்பார். அவள் திருப்பிச் சொல்லிப் பார்ப்பாள். அவளுடைய உச்சரிப்பைக் கேட்டு நாச்சிமுத்து ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தார். வாதம் வந்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். மோகனப்பிரியாவும் சிரித்தாள். நீமா எழுந்து வெளியே போய் கொடியில் காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

புறப்படும் நாள் வந்தது. பெங்களூர் விமான நிலையத்துக்குக் கார் வாசலில் நின்றது. அவளிடம் நல்ல பட்டுச் சேலை இருந்தும் பழைய வெள்ளை நூல் சேலையைக் கட்டியிருந்தாள், பயணத்துக்கு அது சௌகரியம் என்று. நாச்சிமுத்து அந்த வெள்ளையைப் பார்த்தார்.

"ஸாமு?" என்றார்.

மருத்துவமனை ஷிப்டுக்கு அவர்கள் ஊரில் அந்தச் சொல். டொடோமாவில் அவள் வெள்ளை உடுத்திக் கிளம்பும் ஒவ்வொரு நாளும் அவர் அதைத்தான் கேட்பார்.

நீமா அவர் தாடையைத் துண்டால் துடைத்தாள். "ஆமா. ஸாமு," என்றாள் சுவாஹிலியில். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மோகனப்பிரியா, "என்ன கேட்டாருங்கத்தை?" என்று கேட்டாள். நீமா, "வாரேன் கண்ணு," என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். சங்ககிரி வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

டொடோமாவில் அக்காள் மகள் வீட்டில் அவளுக்கு ஓர் அறை கொடுத்தார்கள். அவளுடைய பழைய வீட்டை, இந்தியாவுக்குப் போகும்போதே விற்றுவிட்டிருந்தாள். விசாவுக்கு விண்ணப்பித்தாள். கணவரின் வாக்குமூலம் வேண்டும் என்று திரும்பி வந்தது. டாக்டரின் சான்றிதழோடு சரவணக்குமார் மறுபடி அலைந்தான். நோயாளிக்குப் பேச்சு இல்லை என்று டாக்டர் எழுதவில்லை. பேச்சு இருக்கிறது, யாருக்கும் புரியவில்லை என்றுதான் எழுத முடிந்தது. அதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. மறுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள்.

ஆனால் போன் இருந்தது. மோகனப்பிரியாவின் பதிவுகளில் இல்லாத சொல் எதையாவது அவர் சொன்னால் உடனே அழைப்பு வரும். நீமா சந்தையில் நிற்பாள், தேவாலயத்தில் இருப்பாள், எடுத்துவிடுவாள். திரையில் அவர் முகம் மூக்குத் துவாரத்தோடு பெரிதாகத் தெரியும். அவர் சொல்வார், அவள் கேட்டு, தமிழில் சொல்வாள். "முதுகுல ஊறுதாம் கண்ணு, வேர்க்குரு வந்திருக்குதான்னு பாரு." "ஜன்னலைச் சாத்தச் சொல்றாரு." "குழம்புல காரம் சேர்த்தியா இருக்குதாம்." கொல்லிமலைப் பக்கமிருந்து மழைக்காற்று வீசும் நாட்களில் போர்வை கேட்பார். பகலில் வரும் ஆயா பெரியநாயகிகூட, "ஏனுங்கம்மா, ஐயா என்னமோ சொல்றாருங்க," என்று அழைக்கப் பழகியிருந்தாள்.

ஒரு நாள் அவர் திரையை உற்றுப் பார்த்து, ஷிப்டு இன்னும் முடியவில்லையா என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மோகனப்பிரியா, "என்ன வேணுமாமுங்கத்தை?" என்றாள்.

"எப்ப ஊட்டுக்கு வருவேன்னு கேக்கறாரு," என்றாள் நீமா.

நீமா அவரிடம், நாளைக்கு என்றாள். மறுநாளும் கேட்டார். மறுநாளும் நாளைக்கு என்றாள். சில நாட்களில் அந்தக் கேள்வி நின்றது. பிறகு மற்ற கேள்விகளும் குறைந்தன. முதலில் குழம்பைப் பற்றிச் சொல்வதை விட்டார். பிறகு ஜன்னல். போர்வை கேட்பதையும் விட்டார். போன் வராத நாட்கள் வந்தன, அவளே அழைத்தாள்.

"இப்பெல்லாம் ஒரு தொல்லையும் இல்லீங்கத்தை," என்றாள் மோகனப்பிரியா. அவள் குரலில் உண்மையாகவே ஆறுதல் இருந்தது. பாவம், கல்லூரிக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தவள். "ஒன்னுமே கேக்கறதில்லீங்க. குடுத்ததைச் சாப்பிட்டுக்கறாரு, திருப்பிப் போட்ட பக்கம் படுத்துக்கறாரு. நல்லா அமைதியா இருக்கறாருங்க."

"நல்லது கண்ணு," என்றாள் நீமா.

அவள் நர்ஸாக இருந்தவள். கத்துகிற நோயாளியைப் பற்றி அவள் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. கேட்பதை நிறுத்திவிட்டவர்களின் கட்டிலருகேதான் அவள் அதிக நேரம் நிற்பாள். மற்ற நர்சுகளையும் நிற்கச் சொல்வாள். அதை மோகனப்பிரியாவிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அவளால் முடிந்ததற்கு மேலேயே அவள் செய்துகொண்டிருந்தாள்.

அதன் பிறகும் தினமும் அழைத்தாள். மோகனப்பிரியா போனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போவாள். நீமா பேசுவாள். இங்கே மழை வந்தது, அக்காள் மகளுக்கு இரண்டாவது பிள்ளை பிறக்கப் போகிறது, நீங்கள் போட்ட கிணறு ஒன்றைப் பஸ்ஸில் போகும்போது பார்த்தேன், இன்னும் தண்ணீர் வருகிறது. நாச்சிமுத்து கண் திறந்திருப்பார். பார்வை திரையில் இராது. மேலே சுற்றும் மின்விசிறியில் இருக்கும். சில நேரம் உதடு அசைவதுபோல் தோன்றும். நீமா பேச்சை நிறுத்திக் காதைப் போனோடு ஒட்டிக்கொள்வாள். விசிறிச் சத்தம்தான் கேட்கும்.

"அத்தை, காலேஜ் பஸ் வந்துருமுங்க," என்று மோகனப்பிரியா வருவாள். "வெச்சரட்டுங்களா?"

"வெய்யி கண்ணு. அவருக்குத் தண்ணி ஒரு வாய் குடுத்துட்டுப் போ. கேக்கலீனாலும் குடு."

"சரிங்கத்தை."